பன்னிரண்டு வாரம் என்று ஏன் சொல்கிறார்கள்

போன வாரம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா பெண்ணிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. இடது கன்னமும் தாடையும் மட்டும், டியூப் லைட் வெளிச்சத்தில், ரொம்பக் கிட்டத்தில் எடுத்தது. கீழே ஒரே வரி: "சித்தி, மூணு வாரமா ஜெல் போடறேன், இன்னும் அதிகமாத்தான் ஆகுது, நிறுத்திடட்டுமா?"

அவளுக்குப் பதினைந்து வயது. நான் அந்த வயதில் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை, நானே நிறுத்திவிட்டேன். ஒரு க்ரீம் மூன்று வாரம், கேட்கவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தது மூன்று வாரம், அப்புறம் இன்னொரு டாக்டர், இன்னொரு ஜெல், அதுவும் மூன்று வாரம். இப்படியே ஏழு வருடம் போனது. பார்த்த டாக்டர்கள் யாரும் தப்பான மருந்து எழுதவில்லை, அது எனக்கு இப்போது தெரிகிறது. எழுதிய மருந்து வேலை செய்ய எவ்வளவு நாள் ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில் போன ஒரு டாக்டர்தான் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஒரு மயிர்க்காலைப் படமாக வரைந்து, அதற்குப் பக்கத்தில் 12 என்று எழுதி வட்டம் போட்டார். "12 வாரம் ஆகிற வரைக்கும் வேலை செய்யலைன்னு எங்கிட்ட வராதீங்க" என்றார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான், பரு பற்றி வந்த ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம். நான் டாக்டர் இல்லை. ஆனால் இத்தனை வருடம் படித்ததில் அந்த 12 எங்கிருந்து வருகிறது என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அக்கா பெண்ணிடம் போனில் ஒரு மணி நேரம் பேசியதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன், அவளைப் போல நள்ளிரவில் கண்ணாடி முன் நிற்கும் யாருக்காவது பயன்படட்டும்.

முதலில் அந்தப் படம். நம் தோலில் ஒவ்வொரு மயிர்க்காலும் ஒரு குறுகலான குழாய். அதன் பக்கத்தில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். சுரக்கும் எண்ணெய் குழாய் வழியாக மேலே வந்து தோலில் பரவ வேண்டும். குழாயின் உள்சுவரிலிருந்து செத்த செல்களும் உதிர்ந்து அதோடு வெளியே வந்துவிட வேண்டும். வயதுக்கு வரும் பருவத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஏறும்போது (பெண்களுக்கும் இந்த ஹார்மோன் உண்டு) சுரப்பி பெரிதாகி எண்ணெய் கூடுகிறது, அதே சமயம் குழாய்ச் சுவரின் செல்கள் ஒழுங்காக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓர் அடைப்பாக மாறுகின்றன. உள்ளே எண்ணெய் தேங்குகிறது. காற்றில்லாத அந்த எண்ணெய்க் குளத்தில், எல்லோர் தோலிலும் சாதாரணமாக வாழ்கிற க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது, உடம்பின் எதிர்ப்பு செல்கள் அங்கே கூடுகின்றன, அப்போதுதான் சிவப்பும் வீக்கமும் வலியும் சீழும்.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஆரம்ப அடைப்பைப் பற்றி. அது மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும், மைக்ரோகாமிடோன் என்பார்கள். அது வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் பருவாக வெளியே வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். பரு வருகிறவர்களின் முகத்தில் பார்க்க நன்றாக இருக்கும் இடத்திலிருந்து தோல் துணுக்கு எடுத்துப் பார்த்தால் அங்கேயும் இந்த அடைப்புகள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். 2003-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி பின்னே போய், அடைப்பு உருவாவதற்கு முன்பே அந்த மயிர்க்காலைச் சுற்றி அழற்சி தொடங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். ஆக, இன்றைக்குக் கண்ணாடியில் தெரிகிற பரு போன மாதமே தோலுக்குள் உட்கார்ந்துவிட்டது. நேற்று ராத்திரி பூசிய ஜெல்லுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜெல் வேலை செய்வது அடுத்த மாதம் வர இருக்கும் பருவின் மேல். இந்த ஒரு விஷயம் எனக்குப் பதினைந்து வயதில் தெரிந்திருந்தால் வலது கன்னத்தில் இருக்கிற குழித் தழும்புகளில் பாதியாவது இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

பரு மேல் மட்டும் புள்ளி வைப்பதும் அதனால்தான் பிரயோஜனமில்லை. அக்கா பெண்ணும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், எங்கே பரு இருக்கிறதோ அங்கே மட்டும் ஜெல்லைக் கொஞ்சம் தாராளமாக. அவள் போடுவது அடாபலீன், அது வைட்டமின் ஏ வழி வந்த ரெட்டினாய்டு வகை. அது பருவைக் காய வைக்கிற மருந்தல்ல, குழாய்ச் சுவரின் செல்கள் ஒட்டாமல் உதிரும்படி செய்கிற மருந்து. முகம் முழுவதுக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவுதான். நெற்றியில் ஒரு பொட்டு, கன்னங்களில் இரண்டு, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று, அப்புறம் எல்லாவற்றையும் மெல்லப் பரப்ப வேண்டும். முகம் கழுவியதும் ஈரத்தோடு போட்டால் எரியும், நன்றாகக் காயட்டும். தினமும் தாங்கவில்லையென்றால் முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். தோல் உரியும், கொஞ்சம் சிவக்கும், சிலருக்கு ஆரம்ப வாரங்களில் பரு கூடவும் செய்யும். எனக்கு மூன்றாவது வாரம்தான் மோசமான வாரம். அவள் போட்டோ அனுப்பியதும் நான் நிறுத்தியதும் அதே வாரத்தில்தான்.

சரி, இந்த 12 வாரக் கணக்கு ஆய்வுகளில் எப்படி வருகிறது? பரு மருந்துகளைச் சோதிக்கிற விதம் கேட்கச் சாதாரணமாக இருக்கும்: எண்ணுகிறார்கள். உண்மையாகவே உட்கார்ந்து எண்ணுகிறார்கள். முகத்தை நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று பிரித்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், தோலை விரலால் லேசாக இழுத்துப் பிடித்து (இழுக்காவிட்டால் சின்ன அடைப்புகள் தெரியாது), பிளாக்ஹெட், ஒயிட்ஹெட் இவற்றைத் தனியாகவும் சிவந்து வீங்கியவற்றைத் தனியாகவும் எண்ணிக் குறிக்கிறார்கள். அதே ஆள் அதே மாதிரி சில வாரங்களுக்கு ஒரு தடவை எண்ணுவார், கடைசி எண்ணிக்கை பெரும்பாலும் 12-வது வாரம். இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது மருந்தே இல்லாத வெறும் களிம்பு போட்டுக்கொண்ட குழு. அவர்களுக்கும் பரு கணிசமாகக் குறைகிறது. பரு தானாகவே ஏறி இறங்கும் சமாச்சாரம், மோசமாக இருக்கும்போதுதான் ஆட்கள் ஆய்வில் சேருகிறார்கள், சேர்ந்தபின் ஒழுங்காக முகம் கழுவுகிறார்கள், இப்படிப் பல காரணங்கள். ஆகவே "இதைப் பூசினேன், ரெண்டு வாரத்தில் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பூசாமல் இருந்திருந்தாலும் போயிருக்குமா என்பது அவருக்கும் தெரியாது. ஒப்பிட ஒரு குழு இல்லாமல் பருவில் எதையும் நம்புவது கஷ்டம் என்கிற முடிவுக்கு நான் வந்தது இப்படித்தான்.

நானும் எண்ணினேன். அந்த 12 எழுதிய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னல் பக்கத்தில் கைக்கண்ணாடியோடு உட்கார்ந்து, ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டு எழுதினேன். முதல் வாரம் மொத்தம் 61. மூன்றாவது வாரம் 68. அன்றைக்கு அழுகை வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆறாவது வாரம் 52, எட்டாவது வாரம் 40, பன்னிரண்டாவது வாரம் 27. தினமும் கண்ணாடி பார்த்தபோது ஒரு மாற்றமும் தெரியவில்லை, நோட்டில்தான் தெரிந்தது. தினமும் எண்ணாதீர்கள், அது மனதைக் கெடுக்கும். வாரம் ஒரு தடவை, அதே நேரம், அதே ஜன்னல் வெளிச்சம், போதும்.

எனக்கு அடாபலீனோடு பென்சாயில் பெராக்சைடும் கொடுத்திருந்தார். இந்த மருந்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. இது ஆக்சிஜனை வெளியிட்டுப் பாக்டீரியாவைக் கொல்கிறது, ஆன்டிபயாடிக் மாதிரி இதற்கு எதிராகக் கிருமி பழகிக்கொள்வதில்லை. நான் ஆரம்பத்தில் கடையில் 10% கேட்டு வாங்கி, முகம் வெந்து போன மாதிரி சிவந்து உரிந்து, மூன்று வாரத்தில் விட்டவள். பல வருடம் கழித்துத்தான் 1986-ல் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். 153 பேரை வைத்து 2.5%, 5%, 10% மூன்றையும் பார்த்திருக்கிறார்கள். சிவந்த பருக்களைக் குறைப்பதில் 2.5%-ம் மற்ற இரண்டுக்குச் சமமாகவே வேலை செய்தது, 10%-ஐ விட எரிச்சல் குறைவு. அதிக சதவீதம் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்று நாம் தானாகவே நினைத்துக்கொள்கிறோம். 1986-லேயே பதில் இருந்தும் எனக்கு அது வந்து சேரவில்லை. ஒரு சின்ன எச்சரிக்கை, இது துணியை வெளுத்துவிடும். நீலத் தலையணை உறையில் என் கன்னம் படுகிற இடத்தில் ஆரஞ்சு கலந்த ஒரு வட்டம் விழுந்துவிட்டது. வெள்ளை உறை போட்டுக்கொள்ளுங்கள். 2024-ல் இந்த மருந்து சூட்டில் சிதைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் உண்டாகிறது என்று செய்தி வந்தபோது பலர் பயந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 95 தயாரிப்புகளைச் சோதித்து, 90 சதவீதத்துக்கு மேலானவற்றில் பென்சீன் இல்லை அல்லது மிக மிகக் குறைவு என்று 2025-ல் சொன்னது, சிலவற்றை மட்டும் கம்பெனிகள் திரும்பப் பெற்றன. காலாவதித் தேதி பாருங்கள், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் டியூபை வைக்காதீர்கள்.

இனி சொல்லப்போவது எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி. ரெட்டினாய்டு களிம்புகளின் கதை ஆல்பர்ட் க்ளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவரிடம் போகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காரர். ட்ரெட்டினாயின் என்ற இந்த வகைக் களிம்பு பருவுக்கு வேலை செய்கிறது என்று அவரும் ஜேம்ஸ் ஃபுல்டன், கெர்ட் ப்ளெவிக் என்ற இருவரும் 1969-ல் எழுதினார்கள், 1971-ல் அது மருந்தாக அனுமதி பெற்றது. இன்று உலகம் முழுக்கப் பரு சிகிச்சையின் முதல் படி இந்த வகை மருந்துதான். அதே க்ளிக்மன்தான் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் உடம்பில் விதவிதமான சோதனைகள் நடத்தியவர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், சின்னக் காசுக்காக ஒப்புக்கொண்டவர்கள், தங்கள் தோலில் என்ன பூசப்படுகிறது என்பதே பலருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. டயாக்சின் என்ற கொடிய நச்சைக் கூடப் பூசியிருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021-ல் மன்னிப்புக் கேட்டது, ஃபிலடெல்ஃபியா நகர நிர்வாகம் 2022-ல் கேட்டது. அதற்குள் அந்த மனிதர்களில் எத்தனையோ பேர் இறந்துவிட்டார்கள். இதைப் படித்த ராத்திரி நான் ஜெல் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மருந்தை நிறுத்தவில்லை, நிறுத்தினால் அவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் பரு மருந்துகளைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வராது. அக்கா பெண்ணிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "அவங்க பேரெல்லாம் எங்கயாவது இருக்கா சித்தி?" என்று கேட்டாள்.

இதே மூவர் அதே 1969-ல் இன்னொரு ஆய்வும் வெளியிட்டார்கள், சாக்லேட்டுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்று. 65 பேர், அதில் 35 பேர் சிறைக்கைதிகள். நிறைய சாக்லேட் சேர்த்த ஒரு கட்டியையும், சாக்லேட் இல்லாமல் அதே மாதிரி இனிப்பும் கொழுப்பும் உள்ள ஒரு கட்டியையும் கொடுத்துப் பார்த்தார்கள், இரண்டுக்கும் வித்தியாசமில்லை. உணவுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லை என்று பல வருடம் டாக்டர்கள் சொன்னதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒப்பிட்ட கட்டியிலும் அதே அளவு சர்க்கரை இருந்தால் சர்க்கரையைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்ல முடியாது. 2007-ல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் பார்த்ததில், ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு அதிகமாகக் குறைந்தது. அவர்கள் எடையும் குறைந்தார்கள் என்பதால் எது உணவால், எது எடையால் என்று பிரிப்பது கஷ்டம். என் நிலைப்பாடு இதுதான்: சர்க்கரையைக் குறைத்தால் கொஞ்சம் உதவலாம், குறைக்கட்டும், ஆனால் பரு வந்த பிள்ளையின் தட்டைப் பார்த்து "இதைச் சாப்பிட்டதால்தான்" என்று சாப்பாட்டு வேளையில் சொல்லிக்காட்டுவது கொடுமை. நான் அதைக் கேட்டு வளர்ந்தவள்.

என் 27 அதற்கு மேல் இறங்கவில்லை. ஆழத்தில் கட்டி மாதிரி வரும் பருக்கள் நிற்கவே இல்லை, அதனால் ஆறு மாதம் கழித்து ஐசோட்ரெட்டினாயின் மாத்திரைக்கு மாற்றினார்கள். இதுவும் ரெட்டினாய்டு வகைதான், ஆனால் இந்த மாத்திரையின் கதை வேறு மாதிரி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கேரி பெக் என்பவர், தோல் மீன் செதில் போலத் தடிக்கிற பிறவி நோய்களுக்கு இந்த வகை மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். பரு பக்கம் அப்புறம்தான் வந்தார். வேறெதற்கும் அடங்காத பெரிய கட்டிப் பரு இருந்த 14 பேருக்கு நான்கு மாதம் கொடுத்ததில் 13 பேருக்கு முழுவதும் போய்விட்டது. 1979-ல் அது வெளியானது. மாத்திரையை நிறுத்திய பிறகும் பரு திரும்பாமல் இருந்ததுதான் எல்லோரையும் அசர வைத்தது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும் மருந்து இது. 1982-ல் அனுமதி கிடைத்தது.

தோல் மருத்துவத்தில் இப்படி ஒன்றைத் தேடி இன்னொன்று கிடைப்பது நிறைய நடந்திருக்கிறது. குழந்தைகளுக்கு முகத்தில் ஸ்ட்ராபெர்ரி போலச் சிவந்து வளரும் ரத்தக்குழாய்க் கட்டி ஒன்று உண்டு. பிரான்ஸில் போர்தோ நகரத்தில் அப்படிக் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு இதயக் கோளாறும் வந்ததால் ப்ரொப்ரனலால் என்ற பழைய இதய மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் கடுஞ்சிவப்பு நிறம் மாறி, தொட்டால் மெத்தென்று ஆகியிருந்தது. 2008-ல் 11 குழந்தைகளின் விவரத்தை எழுதினார்கள், இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் முதல் சிகிச்சை. அங்கே கவனித்துப் பார்த்த ஒருவர் இருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஐசோட்ரெட்டினாயினுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இதில் பாதி மட்டும் சொல்வது ஆபத்து. கருவில் இருக்கும் குழந்தைக்கு இது மிகக் கடுமையான தீங்கு செய்யும். 1985-ல் எட்வர்ட் லாமரும் அவருடைய குழுவும் இந்த மாத்திரை பட்ட 154 கர்ப்பங்களின் விவரத்தை வெளியிட்டார்கள். அதில் 21 குழந்தைகள் ஊனத்தோடு பிறந்திருந்தன. காது, முகம், இதயம், மூளை என்று பாதிப்பு. அதனால்தான் கர்ப்பமாக வாய்ப்புள்ளவர்களுக்கு மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனையும் கண்டிப்பான கருத்தடையும் கேட்கிறார்கள். என்னிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டபோது கல்யாணமாகாத பெண்ணிடம் ஏன் இதெல்லாம் என்று கோபம் வந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை, எல்லோரிடமும் கேட்டே ஆக வேண்டும். இந்த மாத்திரையை யாரிடமிருந்தும் வாங்கிச் சாப்பிடாதீர்கள், மிச்சம் இருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள். மன அழுத்தம் வருமா என்கிற பயமும் பலருக்கு உண்டு. 2023-ல் 16 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசலில், மொத்தமாகப் பார்க்கும்போது தற்கொலை அபாயமோ மனநலக் கோளாறோ கூடியதாகத் தெரியவில்லை. அதற்காகத் தனி ஒருவருக்கு ஒன்றும் வராது என்று அர்த்தமில்லை, மனநிலை மாறினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், வீட்டில் ஒருவராவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது உதடு வெடிப்பு. சிரித்தால் ரத்தம் வரும் அளவுக்கு. ஆறு மாதமும் உதட்டுக்குப் போடும் களிம்பு எந்நேரமும் பையில், தலைமாட்டில், மேஜையில். கட்டிப் பருக்கள் நின்றன, அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஆன்டிபயாடிக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். க்ளிண்டமைசின் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் போடாதீர்கள், பாக்டீரியா பழகிவிடும், பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் போட வேண்டும். மாத்திரையாகச் சாப்பிடும் டாக்ஸிசைக்ளினும் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதே நல்லது என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல்களின் போக்கு.

முப்பதைத் தாண்டிய பெண்கள் சிலர் எனக்கு எழுதுகிறார்கள், தாடையோரம் மட்டும் மாதாமாதம் பரு வருகிறது, இந்த வயதிலும் இதுவா என்று. இந்த வயதிலும் வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹார்மோன் வழியாக வேலை செய்யும் மருந்துகள் இவர்களுக்கு உண்டு. ஸ்பைரனோலாக்டோன் என்பது ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் வந்த பழைய மாத்திரை, ஆண்ட்ரோஜனையும் தடுக்கும். பல வருடமாக டாக்டர்கள் அனுபவத்தை வைத்தே பருவுக்கு எழுதி வந்தார்கள், பெரிய ஆய்வு ஒன்றும் இல்லாமல். 2023-ல்தான் பிரிட்டனில் 410 பெண்களை வைத்து நடந்த சாஃபா ஆய்வு வந்தது. 24 வாரத்தில் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 82 சதவீதம் பேர் பரு குறைந்ததாகச் சொன்னார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 63 சதவீதம். அந்த 63-ஐக் கவனியுங்கள், வெறும் களிம்புக் குழுவைப் பற்றி மேலே நான் சொன்ன விஷயம்தான். இன்னொன்றும் இருக்கிறது: 12 வாரத்தில் இரண்டு குழுவுக்கும் இடையே இடைவெளி சின்னது, 24 வாரத்தில்தான் நன்றாக விரிகிறது. இந்த மாத்திரைக்கு 12 கூடப் போதாது. கர்ப்பத்தில் இதுவும் கூடாது. ஆண்களும் பெண்களும் பூசிக்கொள்ளும்படி ஆண்ட்ரோஜனைத் தோலிலேயே தடுக்கும் க்ளாஸ்கோடெரோன் க்ரீம் 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அந்த வகையில் முதல் மருந்து.

நம்மைப் போன்ற மாநிறம், கருநிறத் தோலுக்கு இன்னொரு பாடு இருக்கிறது. பரு போனபின் அந்த இடத்தில் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் நிற்கும். எனக்குப் பருவை விட அதுதான் அதிக வேதனை கொடுத்தது. கிள்ளினாலும் பிதுக்கினாலும் தடம் இன்னும் ஆழமாகும். வெயில் பட்டால் இன்னும் கருக்கும், ஆகவே சன்ஸ்கிரீன் கட்டாயம். அசெலாயிக் ஆசிட் என்ற களிம்பு பருவையும் குறைக்கும், தடத்தையும் மங்க வைக்கும். இதில் யாரும் விழக்கூடாத குழி ஒன்று உண்டு: சீக்கிரம் வெளுக்க வைக்கும் என்று கைமாறி வரும் க்ரீம்களில் சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும், சிவப்பு அடங்கும், அதனால்தான் நம்பிவிடுகிறோம். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, சின்ன ரத்தக்குழாய்கள் வெளியே தெரிந்து, ஸ்டீராய்டாலேயே புதிதாகப் பரு வரும், நிறுத்தினால் முகம் தீப்பிடித்த மாதிரி எரியும். மூன்று வாரத்துக்குள் பலன் காட்டும் எந்த முக க்ரீமையும் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

புதிதாக வருவதில் என்னை ஆர்வமாகப் படிக்க வைப்பது பாக்டீரியா ஆராய்ச்சி. 2013-ல் லாஸ் ஏஞ்சலஸில் 101 பேரின் மூக்கில், பிளாக்ஹெட் எடுக்க ஒட்டும் பட்டையை ஒட்டி உரித்து, அதில் வந்த பாக்டீரியாவின் மரபணுவைப் பார்த்தார்கள். பரு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அதே க்யூட்டிபாக்டீரியம்தான், ஆனால் அதற்குள் இருக்கும் உள்வகைகள் வேறு வேறு, சில வகைகள் நல்ல தோலில்தான் அதிகம் இருந்தன. கிருமியை எல்லாம் கொல் என்ற பழைய எண்ணம் அங்கே ஆட்டம் கண்டது. 2024 ஜனவரியில் பார்சலோனா ஆய்வாளர்கள் இதே பாக்டீரியாவை மரபணு மாற்றி, எண்ணெய் செல்களை அடக்கும் ஒரு புரதத்தை அதுவே சுரக்கும்படி செய்தார்கள். ஐசோட்ரெட்டினாயின் உடம்பில் தூண்டிவிடும் அதே புரதம். ஆய்வகத்து செல்களிலும் எலித் தோலிலும்தான் இதுவரை பார்த்திருக்கிறார்கள், மனித முகத்துக்கு வர வெகு தூரம். பருவுக்குத் தடுப்பூசிச் சோதனையும் ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறது. எல்லாமே வரட்டும், காத்திருக்கிறேன்.

அக்கா பெண்ணுக்கு இந்த ஞாயிறு நான்காவது வாரம் முடிந்தது. ஜெல்லை நிறுத்தவில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறாள், முகம் முழுக்க, பட்டாணி அளவு. நோட்டில் ஐந்து கட்டம் போடச் சொல்லியிருந்தேன், போட்டிருக்கிறாள். அன்றைக்குக் காலையில் அவள் அறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எண்ணியதைப் படம் எடுத்து அனுப்பினாள். நெற்றி 14, வலது கன்னம் 9, இடது கன்னம் 17, மூக்கு 6, தாடை 12. மொத்தத்தைப் பென்சிலால் எழுதியிருந்தாள், பக்கத்தில் வட்டம் போட்டு ஒரு 12. அந்தச் சீட்டின் படத்தை நான்தான் அவளுக்கு அனுப்பி வைத்திருந்தேன்.